பட்டறையிலிருந்து பாதுகாப்புத் துறைக்கு: தமிழ்நாட்டுத் தொழில் வழித்தடத்தில் சிறுதொழில் நுழைவது எப்படி?

கோவையிலும் ஓசூரிலும் இரண்டு வி.எம்.சி. (கணினி இயக்கும் மில்லிங் இயந்திரம்), மூன்று சி.என்.சி. லேத் (கணினி இயக்கும் கடைசல் இயந்திரம்) வைத்துக்கொண்டு ஆட்டோமொபைல் ஜாப் ஒர்க் செய்பவர்கள் அடிக்கடி கேட்பது இது: "டிஃபன்ஸ் காரிடார்னு சொல்றாங்களே, அதுல எப்படிச் சேர்றது?" சேர்வதற்கென்று தனி விண்ணப்பப் படிவம் எதுவும் கிடையாது. யாராவது கட்டணம் வாங்கிக்கொண்டு "காரிடாரில் பதிந்து தருகிறேன்" என்றால், அங்கேயே எழுந்து வந்துவிடலாம். செய்ய வேண்டியது வேறு. உங்கள் இயந்திரத்தில் செய்ய முடிகிற ஒரே ஓர் உதிரிபாகத்தைத் தேர்ந்தெடுத்து, அதை வாங்குபவர் யார் என்று கண்டுபிடித்து, அவர் கேட்கும் தரத்தையும் காகிதத்தையும் கொடுக்க வேண்டும். அரசின் திட்டம் அந்தப் பாதையில் எங்கெங்கே கைகொடுக்கும், எங்கே கொடுக்காது என்பதைப் பிரித்துப் பார்த்தால் பாதிக் குழப்பம் தீரும்.

திட்டம் எதைத் தருகிறது, எதைத் தராது

2018-19 மத்திய பட்ஜெட்டில் இரண்டு பாதுகாப்புத் தொழில் வழித்தடங்கள் (டிஃபன்ஸ் காரிடார், அதாவது பாதுகாப்புத் தளவாட உற்பத்தியை வளர்ப்பதற்கான ஊர்த்தொகுப்புகள்) அறிவிக்கப்பட்டன. ஒன்று உத்தரப்பிரதேசத்துக்கு, மற்றொன்று தமிழ்நாட்டுக்கு. நம்முடையது 2019 ஜனவரி 20 அன்று திருச்சியில் தொடங்கிவைக்கப்பட்டது. சென்னை, ஓசூர், சேலம், கோவை, திருச்சி ஆகிய ஐந்து ஊர்கள் இதன் மையங்கள். ஒருங்கிணைக்கும் பொறுப்பு தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமான டிட்கோவிடம் இருக்கிறது. மாநில அரசு 2022-இல் வெளியிட்ட வான்வெளி மற்றும் பாதுகாப்புத் தொழிற்கொள்கை, பத்து ஆண்டுகளில் 75,000 கோடி ரூபாய் முதலீடும் 1 லட்சம் பேருக்கு வேலையும் என்று இலக்கு வைத்திருக்கிறது.

மாநில அரசின் கையில் இருப்பவை நிலம், மானியம், சோதனைக்கூடம், பயிற்சி. ஆர்டர் அதன் கையில் இல்லை. டாங்கியும் ஏவுகணையும் வாங்குவது டெல்லி. அந்த ஆர்டர் ஒரு பொதுத்துறை நிறுவனத்துக்கோ பெரிய தனியார் நிறுவனத்துக்கோ போகும். அங்கிருந்து பகுதி பகுதியாகப் பிரிந்து, கடைசியில் ஒரு பின்னாகவோ புஷ்ஷாகவோ பிராக்கெட்டாகவோ உங்கள் பட்டறைக்கு வரும். சென்னையில் ஒரு மாநாட்டில் கையெழுத்தான ஒப்பந்தத்தைப் பத்திரிகையில் படித்துவிட்டுப் புது இயந்திரத்துக்குக் கடன் வாங்கியவர்கள் சிக்கிக்கொள்வது இங்கேதான். முதலீட்டு அறிவிப்பு வேறு, பர்ச்சேஸ் ஆர்டர் வேறு.

படி 1: பக்கத்தில் வாங்குபவர் யார் என்று பாருங்கள்

ஆயுதத் தொழிற்சாலை வாரியம் 2021 அக்டோபர் 1 முதல் ஏழு நிறுவனங்களாகப் பிரிக்கப்பட்டது. பழைய பெயரிலேயே தேடிக்கொண்டிருந்தால் டெண்டர் கண்ணில் படாது. ஆவடியில் உள்ள கனரக வாகனத் தொழிற்சாலையும் எஞ்சின் தொழிற்சாலையும் இப்போது ஆர்மர்டு வெஹிகிள்ஸ் நிகம் நிறுவனத்தின் கீழ் உள்ளன; அதன் தலைமையகமும் ஆவடிதான். திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலை அட்வான்ஸ்டு வெப்பன்ஸ் அண்ட் எக்விப்மென்ட் நிறுவனத்தின் கீழ் போனது. அருவங்காடு கார்டைட் தொழிற்சாலை மியூனிஷன்ஸ் இந்தியாவின் கீழ். ஆவடியின் ராணுவ உடைத் தொழிற்சாலை ட்ரூப் கம்ஃபர்ட்ஸ் நிறுவனத்தின் கீழ். ஓசூர்க்காரர்களுக்கு எல்லை தாண்டினால் பெங்களூருவில் விமானம் செய்யும் ஹெச்.ஏ.எல்., ராணுவ மின்னணுக் கருவிகள் செய்யும் பி.இ.எல். இருக்கின்றன. கோவைக்குப் பக்கத்தில் சூலூரில் விமானப்படையின் பழுதுபார்ப்பு நிலையம் உண்டு.

ஒரு கணக்குச் சொன்னால் இதன் அளவு புரியும். 2021 செப்டம்பரில் 118 அர்ஜுன் மார்க்-1ஏ டாங்கிகளுக்கு 7,523 கோடி ரூபாய் ஆர்டர் ஆவடி தொழிற்சாலைக்குக் கொடுக்கப்பட்டது. ஒரு டாங்கியில் ஆயிரக்கணக்கான பாகங்கள். எல்லாவற்றையும் ஒரே தொழிற்சாலை செய்வதில்லை. புதிதாக வருபவர் நேரடியாக ராணுவ அமைச்சகத்துக்கு விற்க நினைக்க வேண்டாம். இந்தத் தொழிற்சாலைகளுக்கோ, அவற்றுக்குப் பெரிய தொகுப்புகளைச் செய்துகொடுக்கும் நிறுவனங்களுக்கோ மூன்றாம் நிலை சப்ளையராக நுழைவதுதான் செலவு குறைந்த வழி. பெருமை குறைவு, ஆனால் பணம் வந்துசேரும்.

ஊருக்கு ஊர் பலம் வேறு. கோவையில் வார்ப்பும் பம்ப் எஞ்சினியரிங்கும்; திருச்சியில் பாய்லர் வேலையில் பழகிய வெல்டிங்கும் ஃபேப்ரிகேஷனும்; ஓசூரில் துல்லிய மெஷினிங்; சென்னைப் பக்கம் எலக்ட்ரானிக்ஸும் வாகன பாகமும். பழகிய வேலையை விட்டுவிட்டு "டிஃபன்ஸுக்கு ட்ரோன் செய்யப்போகிறேன்" என்று புதிதாகத் தொடங்குவதைவிட, கையில் இருக்கும் திறமைக்கு ஏற்ற பாகத்தைத் தேடுவது நல்லது.

படி 2: காகிதங்கள்

இதைச் சலிப்பாக நினைத்து ஆடிட்டரிடம் விட்டுவிடுவார்கள். டெண்டர் தள்ளுபடி ஆவதில் பெரும்பங்கு இங்கேதான் நடக்கிறது.

முதலில் உத்யம் பதிவு, அதாவது குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான மத்திய அரசின் பதிவு. கட்டணம் கிடையாது, ஆதார், பான், ஜி.எஸ்.டி. எண் போதும். 2025 ஏப்ரல் 1 முதல் வரம்புகள் மாறியிருக்கின்றன. இயந்திர முதலீடு 2.5 கோடிக்குள்ளும் விற்றுமுதல் 10 கோடிக்குள்ளும் இருந்தால் குறுந்தொழில். 25 கோடி, 100 கோடி வரை சிறுதொழில். 125 கோடி, 500 கோடி வரை நடுத்தரம். பதிவில் "உற்பத்தி" என்று சரியான தொழில் குறியீட்டுடன் இருக்க வேண்டும். "வர்த்தகம்" என்று பதிந்திருந்தால் கீழே சொல்லப்போகும் கொள்முதல் சலுகை கிடைக்காது.

அடுத்து அரசுத் துறைகள் பொருள் வாங்கும் ஜெம் தளத்தில் விற்பனையாளர் கணக்கு, மத்திய அரசின் இ-டெண்டர் தளத்தில் பதிவு, மூன்றாம் வகுப்பு டிஜிட்டல் கையெழுத்துச் சான்று. சான்றை வாங்கும்போது கையெழுத்துக்கும் மறையாக்கத்துக்கும் சேர்த்தே வாங்குங்கள். பிறகு தனியாக வாங்கினால் இரட்டைச் செலவு. பான், ஜி.எஸ்.டி., உத்யம், வங்கிக் கணக்கு நான்கிலும் நிறுவனத்தின் பெயர் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கட்டும். ஒன்றில் "அண்ட்" என்றும் இன்னொன்றில் அதற்குப் பதில் குறியீடும் இருந்தாலே தளம் சரிபார்ப்பில் நின்றுவிடும். டெண்டரைக் கடைசி நாள் மாலை வரை வைத்திருக்காதீர்கள். கோப்பு ஏறாமல் நின்றால் யாரிடமும் முறையிட முடியாது.

உரிமம் வேண்டுமா என்ற பயம் பலருக்கு உண்டு. டாங்கி, போர்விமானம், போர்க்கப்பல், ஆயுதம், வெடிமருந்து போன்றவற்றை முழுமையாகச் செய்யத்தான் தொழில் உரிமம் தேவை. பெரும்பாலான உதிரிபாகங்கள், வார்ப்புகள், ஃபோர்ஜிங்குகள், சோதனைக் கருவிகள் அந்தப் பட்டியலில் இல்லை. ஆனால் துப்பாக்கியின் குழாய் போன்ற பாகத்தை எவராவது "சும்மா ஒரு சாம்பிள்" என்று கேட்டால் கைவைக்க வேண்டாம். ஆயுதச் சட்டம் பாகங்களுக்கும் பொருந்தும். எழுத்தில் ஆர்டரும் உரிமமும் இல்லாமல் அந்த வேலை செய்வது குற்றம்.

படி 3: எந்தப் பாகம்?

சிருஜன் என்ற தளம் 2020 ஆகஸ்டில் தொடங்கப்பட்டது. பொதுத்துறைப் பாதுகாப்பு நிறுவனங்களும் படைகளும் இறக்குமதி செய்துகொண்டிருக்கும், உள்நாட்டில் செய்ய விரும்பும் பொருள்களை அதில் பட்டியலிடுகின்றன. கூடவே இறக்குமதித் தடைப் பட்டியல்களும் உண்டு. பொதுத்துறை நிறுவனங்களுக்கான ஐந்து பட்டியல்களில் 5,012 பொருள்கள், படைகளுக்கான ஐந்தில் 509. குறிப்பிட்ட காலத்துக்குப் பிறகு இவற்றை வெளிநாட்டிலிருந்து வாங்கக் கூடாது என்பது விதி. படைகளின் பட்டியலில் இருப்பவை பெரும்பாலும் முழு ஆயுத அமைப்புகள்; சிறு பட்டறைக்குப் பயன்படுவது பொதுத்துறை நிறுவனங்களின் பட்டியல்தான். வால்வு, சீல், பேரிங், கேபிள் அசெம்பிளி என்று இறங்கிவரும்.

தளத்தில் ஒரு பொருளைத் திறந்தால் மூன்றை மட்டும் முதலில் பாருங்கள்: ஆண்டுத் தேவை எவ்வளவு, இதுவரை கொடுத்த இறக்குமதி விலை எவ்வளவு, டிராயிங் இருக்கிறதா. ஆண்டுக்கு ஆறு எண்ணம் தேவைப்படும் அழகான பாகத்துக்கு மயங்கி ஒரு வருடத்தைத் தொலைப்பது வழக்கமான விபத்து.

விலையை இப்படிப் போட்டுப் பார்க்கலாம். ஒரு ஸ்டீல் பின் என்று வைத்துக்கொள்வோம்: பொருளும் மெஷினிங்கும் வெப்பப் பதனமும் சேர்த்து ஒன்றுக்கு 1,800 ரூபாய். ஃபிக்ஸர் (பாகத்தைப் பிடித்து வைக்கும் சட்டம்) 1,20,000, கேஜ்கள் (அளவு சரிபார்க்கும் கருவிகள்) 60,000, சோதனை ஓட்டத்தில் வீணாகும் பொருள் 40,000, ஆய்வகக் கட்டணம் 80,000. ஒருமுறைச் செலவு மொத்தம் 3,00,000. ஆண்டுத் தேவை 120 எண்ணம். முதல் ஆண்டிலேயே முழுச் செலவையும் எடுத்தால் ஒன்றுக்கு 2,500 கூடும்; அடக்கவிலை 4,300. மூன்று ஆண்டுகளுக்குப் பரப்பினால் 833 கூடும், அடக்கவிலை 2,633. இறக்குமதி விலை 4,000 என்றால் இரண்டாவது கணக்கில்தான் லாபம். ஆனால் அடுத்த ஆண்டு ஆர்டர் உங்களுக்குத்தான் என்று யாரும் எழுதித் தருவதில்லை. அதனால் ஒருமுறைச் செலவில் பாதியையாவது முதல் ஆர்டரிலேயே எடுக்க முடியாத பாகத்தைத் தவிர்ப்பதே புத்திசாலித்தனம்.

டிராயிங் இல்லாமல் ஒரு சாம்பிளை மட்டும் தந்து "இதைப் போலச் செய்" என்பார்கள். ஒரே ஒரு சாம்பிளை அளந்து டாலரன்ஸை (அளவில் அனுமதிக்கப்படும் ஏற்ற இறக்கத்தை) ஊகிக்க முடியாது. 24.98 என்று அளவு வந்தால், அதன் மூல அளவு 25-க்குக் கீழ் எவ்வளவு தூரம் அனுமதித்தது என்று அந்த ஒரு துண்டு சொல்லாது. அது தேய்ந்த துண்டாகவும் இருக்கலாம். குறைந்தது மூன்று சாம்பிள்களையும், அது பொருந்தும் எதிர்ப்பாகத்தையும் கேளுங்கள். அளந்து நீங்கள் வரையும் டிராயிங்கில் வாங்குபவரின் கையெழுத்து விழுந்த பிறகே உலோகத்தை வெட்டுங்கள்.

படி 4: தரச்சான்று, தேவையான அளவுக்கு மட்டும்

ஆலோசகர்கள் முதல் சந்திப்பிலேயே ஏ.எஸ். 9100 விற்கப் பார்ப்பார்கள். அது விமான, விண்வெளி பாகங்களுக்கான தர அமைப்பு. டாங்கிக்கோ ராணுவ லாரிக்கோ பாகம் செய்பவருக்குப் பல இடங்களில் ஐ.எஸ்.ஓ. 9001 போதும். டெண்டரில் எது கேட்டிருக்கிறது என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். விமான பாகம்தான் என்று முடிவானால், வெப்பப் பதனம், முலாம், அழிவில்லாச் சோதனை போன்ற சிறப்புச் செயல்முறைகளுக்கு நாட்கேப் அங்கீகாரம் கேட்பார்கள். அதை நீங்களே வாங்கப் போகாமல், ஏற்கெனவே அங்கீகாரம் உள்ள இடத்தில் வேலையைக் கொடுத்து வாங்குவது சிறு பட்டறைக்குக் கட்டுபடியாகும்.

சான்றுச் செலவைத் திரும்பப் பெற மாநில அரசின் கியூ-சர்ட் திட்டம் இருக்கிறது. தேசியச் சான்றுக்கு 2 லட்சம், சர்வதேசச் சான்றுக்கு 10 லட்சம் ரூபாய் உச்சவரம்பு. மாவட்டத் தொழில் மையத்தில் விண்ணப்பிக்க வேண்டும். பணம் முதலில் உங்கள் கையிலிருந்து போகும், பிறகுதான் திரும்பும். ரசீது, சான்று, வங்கிப் பரிமாற்றம் மூன்றும் ஒரே பெயரில் இருக்கட்டும். ரொக்கமாகக் கொடுத்த ஆலோசனைக் கட்டணம் திரும்பி வராது.

படி 5: முதல் துண்டு

ஆட்டோமொபைல் வேலையில் கெட்டிக்காரர்கள் தடுமாறுவது இங்கே. மெஷினிங்கில் தடுமாறுவதில்லை, வரலாற்றை நிரூபிப்பதில் தடுமாறுகிறார்கள். ஒரு பிராக்கெட் ஐந்து வருடம் கழித்து உடைந்தால், அது எந்த ஹீட்டில் (உருக்காலையின் எந்தத் தடவை உருக்கலில்) வந்த உலோகம், யார் வெட்டியது, எந்த உலையில் எத்தனை டிகிரியில் பதனம் ஆனது என்பதைக் காகிதத்திலிருந்து எடுத்துக் காட்ட வேண்டும்.

கச்சாப் பொருளை வாங்கும்போதே, உலோகத்தின் சோதனை முடிவுகள் அடங்கிய உருக்காலையின் 3.1 வகைச் சான்றைக் கேளுங்கள். ஸ்டாக்கிஸ்ட் தன் லெட்டர்ஹெட்டில் தட்டச்சு செய்து தரும் காகிதம் அது அல்ல. சான்றில் உள்ள ஹீட் எண்ணும் கம்பியின் முனையில் அடித்திருக்கும் எண்ணும் ஒன்றா என்று வாங்கும் இடத்திலேயே பாருங்கள். பிறகு வரும் பெரிய தவறு: எண் அடித்த முனையை முதலில் வெட்டிப் பயன்படுத்திவிட்டு, மிச்சக் கம்பி எண்ணில்லாமல் ரேக்கில் கிடப்பது. மறுமுனையிலிருந்து வெட்டத் தொடங்குங்கள்; துண்டு போடும்போது ஒவ்வொன்றிலும் எண்ணை மறுபடி அடியுங்கள். எண் தொலைந்த கம்பி எவ்வளவு நல்ல உலோகமானாலும் பாதுகாப்பு வேலைக்கு அது ஸ்க்ராப்தான்.

அளவெடுப்பதில் வெப்பநிலை ஏமாற்றும். டிராயிங்கில் உள்ள அளவெல்லாம் 20 டிகிரிக்கு. 200 மி.மீ. நீள அலுமினியத் துண்டை 34 டிகிரி வெயிலடிக்கும் ஷெட்டில் அளந்தால் அது சுமார் 0.064 மி.மீ. நீண்டிருக்கும். எஃகுத் துண்டானால் 0.032 மி.மீ. எஃகுக் கருவியால் எஃகை அளக்கும்போது இரண்டும் சேர்ந்து நீள்வதால் தப்பித்துவிடுவோம். அலுமினியத்தில் அந்த வித்தியாசம் அப்படியே பிழையாக நிற்கும். ஷெட்டில் சரியாக இருந்த துண்டு வாங்குபவரின் ஏ.சி. அறையில் சி.எம்.எம். என்ற துல்லிய அளவீட்டு இயந்திரத்தில் தோற்பதற்கு இதுவே காரணம். ஆபரேட்டரைத் திட்டிப் பயனில்லை. துண்டையும் கருவியையும் குளிரூட்டிய அறையில் சில மணி நேரம் வைத்துவிட்டு அளக்க வேண்டும்.

அனோடைசிங் (அலுமினியத்தின் மேல் ஆக்சைடு படலம் வளர்ப்பது) இன்னொரு கண்ணி. ஹார்டு அனோடைசிங்கில் 50 மைக்ரான் படலம் கேட்டால், அதில் ஏறக்குறைய பாதி உலோகத்துக்குள் இறங்கும், மீதி 25 மைக்ரான் வெளியே வளரும். துளைக்கு இரண்டு பக்கமும் வளர்வதால் விட்டம் 50 மைக்ரான் சுருங்கும். மரையில் இன்னும் மோசம்: 60 டிகிரிக் கோணம் காரணமாக பிட்ச் விட்டம் (மரையின் நடு விட்டம்) படல வளர்ச்சியின் நான்கு மடங்கு, அதாவது 100 மைக்ரான் மாறும். கோ-கேஜ் (மரையின் அளவு சரியா என்று உள்ளே விட்டுப் பார்க்கும் கருவி) உள்ளே போகாது. டிராயிங்கில் உள்ள அளவு படலத்துக்கு முன்னா பின்னா என்று எழுதிக் கேட்டு வாங்குங்கள். மரைகளை மூடி அனுப்பலாமா என்றும் கேளுங்கள்.

வலுக்கூடிய எஃகில் துத்தநாகம், காட்மியம் முலாம் போடும்போது ஹைட்ரஜன் உலோகத்துக்குள் புகும். பார்வைக்கு ஒன்றும் தெரியாது. பூட்டி இறுக்கிய மறுநாள் போல்ட் தானாக முறியும். முலாம் முடிந்த 4 மணி நேரத்துக்குள் அடுப்பில் ஏற்றி, 190 டிகிரியை ஒட்டிய வெப்பத்தில், எஃகின் வலிமையைப் பொறுத்து 8 மணி முதல் ஒரு நாள் வரை சுட வேண்டும். முலாம் கடைக்காரர் சாயங்காலம் வேலையை முடித்து, மறுநாள் காலை அடுப்பில் போட்டால் அந்தச் சூடு வீண். முலாம் முடிந்த நேரமும் அடுப்பில் ஏற்றிய நேரமும் எழுதிய பதிவேட்டின் நகலை பில்லோடு சேர்த்துக் கேட்டு வாங்குங்கள்.

முதல் துண்டு முடிந்ததும் டிராயிங்கில் உள்ள ஒவ்வொரு அளவுக்கும் குறிப்புக்கும் வட்டமிட்டு எண் போட்டு, எதிரே அளந்த மதிப்பை எழுதும் முதல் துண்டு ஆய்வறிக்கை தயாரிக்க வேண்டும். அளவுகளை எல்லாரும் எழுதிவிடுவார்கள். மூலையில் இருக்கும் குறிப்புகளைத்தான் விடுவார்கள். "கூர்விளிம்பை 0.2 முதல் 0.5 வரை மழிக்கவும்" என்ற ஒற்றை வரிக்கு எண் போடாததால் மொத்த லாட்டும் திரும்புவதுண்டு. கேஜ்களின் அளவுத்திருத்தச் சான்று காலாவதி ஆகாமல் இருக்கிறதா என்பதையும் அன்றே பாருங்கள்.

படி 6: ஆய்வும் சோதனையும்

தரைப்படைப் பொருள்களுக்கு டி.ஜி.கியூ.ஏ., விமானப் பொருள்களுக்கு டி.ஜி.ஏ.கியூ.ஏ. என்று ஆய்வு அமைப்புகள் தனித்தனி. பறக்கும் பாகத்துக்கு ராணுவ விமானத் தகுதி அமைப்பான செமிலாக்கின் தகுதிச்சான்றும் தேவைப்படலாம். எந்தக் கட்டத்தில் யார் வந்து பார்ப்பார் என்பது தர உறுதித் திட்டத்தில் எழுதியிருக்கும். அதை வேலை தொடங்கும் முன்பே ஒப்புதல் வாங்குங்கள். "முலாமுக்கு முன் ஆய்வு" என்று எழுதியிருக்க, முலாம் போட்டுவிட்டுக் கூப்பிட்டால், உரித்துக் காட்ட வேண்டிய நிலை வரும்.

சோதனைக்கு: எலக்ட்ரானிக்ஸ் பெட்டிகளின் மின்காந்தக் குறுக்கீட்டுச் சோதனைக்குச் சென்னை தரமணியின் சமீர் மையம், உலோகச் சோதனைக்குக் கோவையின் சிட்டார்க், வெல்டிங் சந்தேகங்களுக்குத் திருச்சி பெல் (பி.ஹெச்.இ.எல்.) வளாகத்தின் வெல்டிங் ஆராய்ச்சி நிலையம். தேதி கிடைக்க வாரக்கணக்கில் ஆகலாம். அதை டெலிவரி கெடுவில் சேர்த்தே கணக்கிடுங்கள். பாதுகாப்புச் சோதனை உள்கட்டமைப்புத் திட்டம் 2020-இல் 400 கோடி ரூபாயில் தொடங்கியது; செலவில் 75 சதவீதம் வரை மத்திய அரசு தரும். அதன்கீழ் தமிழ்நாட்டில் ஆளில்லா விமானம், மின்னணுப் போர்முறை, எலக்ட்ரோ ஆப்டிக்ஸ் என்று மூன்று சோதனை மையங்களுக்கு 2024 ஜூலையில் ஒப்பந்தம் ஆனது. வழித்தடத் திட்டத்தில் சிறுதொழிலுக்கு நேரடியாக உதவக்கூடியது இந்தப் பகுதிதான். தனியாக ஒருவர் இப்படி ஒரு கூடம் கட்ட முடியாது.

படி 7: பணம்

குறு, சிறு நிறுவனங்களிடமிருந்து ஆண்டுக் கொள்முதலில் 25 சதவீதம் வாங்க வேண்டும் என்பது மத்திய அரசு, பொதுத்துறை நிறுவனங்களுக்கான விதி. அதில் 4 சதவீதம் பட்டியல் சாதி, பழங்குடி உரிமையாளர்களுக்கு, 3 சதவீதம் பெண் உரிமையாளர்களுக்கு. டெண்டர் படிவக் கட்டணமும் முன்வைப்புத் தொகையும் விலக்கு. பெரிய நிறுவனம் 1,000 ரூபாய்க்கு எல்-1 (மிகக் குறைந்த விலை கேட்டவர்) ஆகி, நீங்கள் 1,120 கேட்டிருந்தால், 15 சதவீத எல்லைக்குள் இருப்பதால் 1,000-க்கு இறங்கி வருகிறீர்களா என்று உங்களைக் கேட்பார்கள். ஒப்புக்கொண்டால் ஒரு பங்கு ஆர்டர் உங்களுக்கு. 1,000-க்குச் செய்தால் கையைக் கடிக்குமா என்று முன்பே தெரிந்து வைத்திருங்கள். அந்த இடத்தில் ஆசைப்பட்டு "சரி" சொன்னவர்கள்தான் பிறகு தரத்தில் கைவைத்து மாட்டுகிறார்கள்.

தாமதத்துக்கு அபராதம் வழக்கமாக வாரத்துக்கு அரை சதவீதம், அதிகபட்சம் 10 சதவீதம். வாங்குபவர் டிராயிங் திருத்தத்தைத் தாமதமாகத் தந்தாலும், நீங்கள் அன்றே கடிதம் எழுதிக் கெடு நீட்டிப்புக் கேட்காவிட்டால் அபராதம் உங்கள் தலையில் விழும். போனில் "பாத்துக்கலாம்" என்று சொன்னது கணக்கில் வராது.

பணம் வர வேண்டிய காலம், எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும், சரக்கை ஏற்றுக்கொண்டதிலிருந்து 45 நாளுக்கு மேல் போகக் கூடாது. மீறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தில் மூன்று மடங்கு வட்டி, மாதக் கூட்டு. இது குறு, சிறு நிறுவனங்களுக்கு மட்டும், நடுத்தரத்துக்கு இல்லை. வழக்குப் போட்டு வாடிக்கையாளரைப் பகைத்துக்கொள்வதைவிட, ட்ரெட்ஸ் என்ற இணையத் தளத்தில் பில்லைத் தள்ளுபடி செய்து (கெடுவுக்கு முன்பே கொஞ்சம் குறைத்துப் பெற்று) பணமாக்குவது மேல். ஆர்டர் ஏற்கும் முன்பே வாங்குபவர் அதில் இருக்கிறாரா என்று கேளுங்கள்.

முதல் தலைமுறைத் தொழில்முனைவோர் என்றால் மாநில அரசின் நீட்ஸ் திட்டத்தில் 10 லட்சம் முதல் 5 கோடி வரையிலான திட்டத்துக்கு 25 சதவீத மானியம், உச்சவரம்பு 75 லட்சம். தொழில் முதலீட்டுக் கழகமான டிக்கும் இயந்திரக் கடன் தருகிறது. மானியம் வரும் என்று நம்பி நடைமுறை மூலதனத்தைத் திட்டமிட வேண்டாம். அது வரும்போது வரும்.

நிலம் எப்போது?

ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வல்லம் வடகாலில் வான்வெளிப் பூங்கா, சூலூர் வட்டம் வாரப்பட்டியில் பாதுகாப்புத் தொழிற்பூங்கா என்று சிப்காட் இடங்கள் உண்டு. ஆர்டர் கையில் வந்து, இப்போதைய ஷெட் போதவில்லை என்றான பிறகு அங்கே போனால் போதும். ஒதுக்கீட்டில் குறித்த காலத்துக்குள் கட்டி உற்பத்தி தொடங்க வேண்டும் என்ற நிபந்தனை வரும். வெறும் மனையாக வைத்திருக்க முடியாது. விண்ணப்பமும் அனுமதிகளும் ஒற்றைச்சாளரத் தளம் வழியே.

சொந்த வடிவமைப்பு வைத்திருப்பவர்களுக்கு

இவர்களுக்குப் பாதை வேறு. 2018 ஏப்ரலில், திருவிடந்தையில் நடந்த பாதுகாப்புக் கண்காட்சியில் தொடங்கிவைக்கப்பட்டது ஐடெக்ஸ் என்ற பாதுகாப்பு அமைச்சகத்தின் புத்தாக்கத் திட்டம். படைகள் ஒரு சிக்கலை அறிவிக்கும். நீங்கள் தீர்வோடு போட்டியிட வேண்டும். வென்றால் 1.5 கோடி வரை மானியம், பிரைம் பிரிவில் 10 கோடி, அதிதி பிரிவில் 25 கோடி வரை. ஆனால் திட்டச் செலவில் பாதி உங்கள் பக்கமிருந்து வர வேண்டும். இதைப் படிக்காமல் விண்ணப்பித்துவிட்டுத் திணறுகிறவர்கள் அதிகம். டி.ஆர்.டி.ஓ.வின் தொழில்நுட்ப வளர்ச்சி நிதி 50 கோடி வரை, செலவில் 90 சதவீதம் வரை தரும். கோவையில் சிறுதொழில் சங்கமான கொடிசியாவின் பாதுகாப்புப் புத்தாக்க மையம் விண்ணப்பம் எழுதுவதிலிருந்து உதவும். முப்பரிமாண வடிவமைப்பு, சிமுலேஷன் மென்பொருள் வாங்கப் பணமில்லை என்றால், சென்னை டைடல் பூங்காவில் டசால்ட் சிஸ்டம்ஸுடன் டிட்கோ அமைத்த டான்காம் மையத்தை அணுகலாம்.

டிராயிங் விஷயத்தில்

வாங்குபவர் தந்த டிராயிங்கை முலாம் கடைக்காரருக்கு வாட்ஸ்ஆப்பில் அனுப்புவது நம் ஊர் வழக்கம். இங்கே அது ஒப்பந்த மீறல். சில வேளை அதைவிடப் பெரிய குற்றம். வெளிவேலைக்குத் தேவையான அளவுகளை மட்டும் எழுதிய தனித்தாளைக் கொடுங்கள். பிழையான துண்டுகளைக் குறுக்கே வெட்டிச் சிதைத்த பிறகே ஸ்க்ராப்பில் போடுங்கள். பட்டறையில் எடுக்கும் படத்தில் பின்னணியில் பாகம் தெரியாமல் பாருங்கள். ரூட் கார்டு (பாகம் எந்தெந்தக் கட்டங்களைத் தாண்டியது என்ற பதிவு), உருக்காலைச் சான்று, ஆய்வறிக்கை, முலாம் பதிவு ஆகிய நான்கையும் லாட் எண் போட்ட ஒரே கோப்பில், ஆர்டரில் சொன்ன ஆண்டுகள் முடியும்வரை வைத்திருங்கள். ஆர்டரில் காலம் குறிப்பிடவில்லை என்றால் எழுதிக் கேட்டு, வந்த பதிலையும் அதே கோப்பில் சேர்த்துவிடுங்கள்.